சுகுபா விழாவில் வடை சுட்ட கணக்கு

இந்த முறை வடை மொறுமொறுவென்று வந்தது, வரிசை நகர்ந்தது, கைக்காசு போகவில்லை. போன முறை இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. நடுவில் எதையெல்லாம் மாற்றினோம் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ஜப்பானின் சிறு நகரங்களில் வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் விழாக்கள் நிறைய உண்டு. அங்கே சாப்பாட்டுக் கடை போட நினைக்கும் நம்மவர்களுக்கு இதில் ஏதாவது ஒரு அளவு உதவும்.

எங்கள் ஊர் சுகுபா, இபராகி மாகாணம். டோக்கியோவின் அகிஹபாராவிலிருந்து விரைவு ரயிலில் 45 நிமிடம். அந்த ரயில் பாதையே 2005-இல்தான் வந்தது. ஊர் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்கள், ஒரு பெரிய பல்கலைக்கழகம். அதனால் வெளிநாட்டு மாணவர்களும் ஆய்வாளர்களும் அதிகம், அவர்களில் தமிழர்களும் உண்டு. மே மாதத்தில், மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, நகர மையத்துத் திறந்தவெளியில் வெள்ளைக் கூடாரங்கள் வரிசையாக எழும். பக்கத்து ஜோசோ நகரத்திலிருந்து பிரேசில்காரர்கள் இறைச்சி சுட வருவார்கள். மத்திய ஆசிய மாணவர்கள் புலாவ் கிண்டுவார்கள். வியட்நாம், தாய்லாந்து, இலங்கை என்று வரிசை நீளும். அதன் நடுவே யாகிசோபா என்ற வதக்கிய நூடுல்ஸ் விற்கும் உள்ளூர்ச் சங்கத்தார். நாங்கள் நான்கு குடும்பம், 2.7 மீட்டருக்கு 3.6 மீட்டர் அளவில் ஒரு கூடாரம்.

காகிதம்

கடை என்றதும் எல்லோர் வாயிலும் வந்தது தோசைதான். மசால் தோசை, தேங்காய்ச் சட்னி, சாம்பார், கூட்டம் அள்ளும் என்று மனக்கணக்குப் போட்டாயிற்று. அந்தக் கணக்கு ஹோகென்ஜோ என்ற வட்டாரச் சுகாதார நிலையத்து மேசையில் பத்து நிமிடத்தில் முடிந்துபோனது. தற்காலிகக் கடைகளுக்கு அங்கே சொன்ன விதி எளிமையானது. வெட்டுவது, அரைப்பது எல்லாம் முன்கூட்டியே முறையான சமையற்கூடத்தில் முடிய வேண்டும். விழா நடக்கும் இடத்தில் செய்யக்கூடியது பெரும்பாலும் சூடாக்குவதுதான், அதுவும் கையில் கொடுப்பதற்குச் சற்று முன்பு. பச்சையாக எதுவும் தட்டில் ஏறக் கூடாது. நுணுக்கங்கள் மாகாணத்துக்கு மாகாணம் மாறும் என்பதால் மற்ற ஊர்க்கார நண்பர் சொன்னதை நம்பிப் பொருள் வாங்கிவிடாதீர்கள்.

தேங்காய்ச் சட்னி அங்கேயே அடிபட்டது. மாவை வீட்டில் புளிக்க வைப்போம் என்றதும் அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வீட்டுச் சமையலறை கூடவே கூடாது. சரி, கோமின்கான் இருக்கிறதே என்றோம். ஊருக்குப் பொதுவான மண்டபம் அது. உள்ளே பெரிய சமையலறை, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் இரவில் பூட்டிவிடுவார்கள். இங்கே மே மாத இரவு 12, 13 டிகிரிக்கு இறங்கும். மாவு பொங்க 28, 30 டிகிரியாவது வேண்டும். மீன் வரும் தெர்மோகோல் பெட்டிக்குள் வெந்நீர்ப் புட்டி வைத்து மாவு பொங்க வைக்கும் வித்தை ஜப்பானில் இருக்கும் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரிந்ததுதான். பூட்டிய மண்டபத்தில் அந்தப் புட்டிக்கு யார் வெந்நீர் மாற்றுவது? தோசையை விட்டோம்.

பொரிக்கிற பண்டம் என்றால் அதே மேசையில் முகம் மலர்கிறது. பண்டத்தின் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது இங்கே அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு. எண்ணெயில் போட்டது அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். மெதுவடைக்கு உளுந்தை அரைத்துப் பொங்கப் பொங்க உடனே தட்டிப் போட வேண்டும், கைப்பக்குவமும் வேண்டும். பருப்பு வடைக்குக் கடலைப்பருப்பை ஒன்றிரண்டாக அரைத்தால் போதும், யார் தட்டினாலும் வட்டம் வந்துவிடும். பருப்பு வடையும் இஞ்சி டீயும் என்று முடிவானது. நமக்கு எது பிடிக்கும் என்று தொடங்காமல், விதிக்கும் அடுப்புக்கும் எது ஒத்துவரும் என்று பின்னாலிருந்து தொடங்கியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது மலப் பரிசோதனை. உணவைத் தொடும் ஒவ்வொருவரும் தபாலில் வரும் சிறு குழாயில் மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். சால்மொனெல்லா, சீதபேதிக் கிருமி, ஓ157 என்ற ஈ.கோலை வகைக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துத் தாள் தருவார்கள். ஐந்து பேருக்கு 5,500 யென். முடிவு வரச் சில நாள் பிடிக்கும். கடைசி நேரத்தில் 'நானும் வடை தட்ட வரட்டுமா' என்று கேட்கும் நண்பருக்கு வாசலில் நின்று கூவும் வேலையைத்தான் கொடுக்க முடியும்.

ஒவ்வாமை அட்டை ஒன்று எழுதி ஒட்டச் சொன்னார்கள். ஜப்பானில் பொட்டலத்தில் அச்சிட்டே ஆக வேண்டிய பட்டியலில் இறால், நண்டு, கோதுமை, பக்வீட் என்ற தானியம், முட்டை, பால், நிலக்கடலை ஆகியவற்றோடு 2023-இல் வால்நட்டும் சேர்ந்து எட்டானது. வடையில் இவை எதுவும் இல்லை என்று நிம்மதியாக எழுதப்போன நேரத்தில் எங்கள் மதுரை அக்கா பெருங்காய டப்பாவைத் திருப்பிக் காட்டினார். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு. கடையில் கிடைக்கும் கட்டியும் தூளும் பெரும்பாலும் அப்படித்தான். பெருங்காயத்தை எடுத்துவிட்டுச் சோம்பைக் கூட்டினோம். 'கோதுமை இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, இறைச்சி இல்லை' என்று அட்டையில் எழுத முடிந்தது. ஹலால் பார்க்கும் மலேசிய, இந்தோனேசிய மாணவர்கள் அந்த அட்டையைப் படித்துவிட்டு நேராக வரிசைக்கு வந்தார்கள். எண்ணெய் என்ன எண்ணெய் என்று மட்டும் கேட்டார்கள், டின்னைக் காட்டினோம்.

தீயணைப்புத் துறைக்குத் தனி விண்ணப்பம், அதோடு கூடார வரைபடம்: அடுப்பு எங்கே, சிலிண்டர் எங்கே, தீயணைப்பான் எங்கே. இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 15 அன்று கியோத்தோ மாகாணத்து ஃபுகுச்சியாமாவில் வாணவேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தின் நடுவே ஒரு கடைக்காரரின் பெட்ரோல் கேனிலிருந்து பீறிட்ட ஆவி பற்றிக்கொண்டது. மூன்று பேர் இறந்தார்கள், 50 பேருக்கு மேல் தீக்காயம். அதற்குப் பிறகு 2014 ஆகஸ்டிலிருந்து, கூட்டம் கூடும் விழாவில் நெருப்பு மூட்டும் எந்தக் கடைக்கும் தீயணைப்பான் கட்டாயம். நான் முதலில் வாங்கியது வீட்டு உபயோகத் தீயணைப்பான், வெள்ளை நிறத்தில் அழகாக இருந்தது. அது செல்லாது. வணிகப் பயன்பாட்டுக்கான, எண் 10 அளவுள்ள, ஏபிசி தூள் வகைதான் வேண்டும். 5,500 யென். உற்பத்தி ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். பத்து வருடம் வரும்.

அடுப்பு

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன முறை எங்களைக் கவிழ்த்தது இதுதான்.

ஜப்பானில் பல வீடுகளில் கேசட் அடுப்பு இருக்கும். 250 கிராம் பியூட்டேன் குப்பியைப் பக்கத்தில் செருகிப் பற்றவைப்பது. இரண்டு அடுப்பு கையில் இருக்கிறதே, எதற்குச் செலவு என்று போன முறை அதையே கொண்டுபோனோம். 30 சென்டிமீட்டர் வாணலி, இரண்டரை லிட்டர் எண்ணெய். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வெளியில் காற்று. எண்ணெய் 175 டிகிரிக்கு வந்ததும் பத்து வடை போட்டால் வெப்பமானி 140-க்கு இறங்கிவிடும். மறுபடி ஏற ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் வடை எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். தட்டில் வைத்தால் காகிதம் நனைந்தது. அதோடு குப்பி தொடர்ந்து எரிய எரியத் தானே குளிர்ந்து, வாயு வரத்துக் குறைந்து, மதியக் கூட்டம் வரும் நேரத்தில் தீ சின்னதாகிவிட்டது.

பெரிய வாணலி வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அது மட்டும் வேண்டாம். அடுப்பை மீறி விரியும் வாணலியோ தோசைக்கல்லோ கீழே குப்பியின்மேல் சூட்டைத் திருப்பிவிடும். குப்பி வெடித்த விபத்துகள் இங்கே நடந்திருக்கின்றன. இரண்டு கேசட் அடுப்பை ஒட்டிவைத்து மேலே ஒரே இரும்புத் தகட்டைப் போடுவதும் அதே ஆபத்து. காற்றை மறைக்க அடுப்பைச் சுற்றித் தகரம் கட்டுவதும் அப்படித்தான்.

இந்த முறை புரோப்பேன். உள்ளூர் எரிவாயுக் கடையில் 5 கிலோ சிலிண்டர், இரட்டை வளைய வார்ப்பிரும்பு அடுப்பு, ரெகுலேட்டர், குழாய் எல்லாம் சேர்த்து வாடகை 6,500 யென். கடைக்காரரே காலையில் கொண்டுவந்து மாட்டி, குழாய்க்கு இரு முனையிலும் பட்டி இறுக்கி, சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்துவிட்டுப் போனார். சிலிண்டர் தீயிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, நிழலில், விழாமல் கட்டி நிற்க வேண்டும். 2.7 மீட்டர் கூடாரத்தில் இரண்டு மீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. அடுப்பை முன்பக்க இடது மூலைக்கும் சிலிண்டரைப் பின்பக்க வலது மூலைக்கும் தள்ளினோம், டீ மேசை நடுவில் வந்தது.

வாணலிக்குப் பதில் 42 சென்டிமீட்டர் சீனத்து இரும்புச் சட்டி, பழையது, ஒரு நண்பரின் ஆய்வகத் தோழர் கொடுத்தது. ஐந்து லிட்டர் எண்ணெய் ஊற்றினாலும் விளிம்புக்குக் கீழே நல்ல இடம் இருக்கும். பதினான்கு வடை போட்டேன். 175-இலிருந்து 160-க்கு இறங்கி, வடையைத் திருப்பிப் போடும் நேரத்துக்குள் 170-க்கு வந்துவிட்டது. எண்ணெய் அதிகமானால் சூடு தாங்கும் என்பது தெரிந்த சங்கதிதான், ஆனால் வெப்பமானியில் பார்க்கும்போதுதான் எவ்வளவு என்று உறைக்கிறது. ஒரு ஈட்டுக்கு நான்கு நிமிடம், போட எடுக்க ஒரு நிமிடம். மணிக்குப் பன்னிரண்டு ஈடு, 168 வடை, தட்டுக்கு மூன்று வீதம் 56 தட்டு.

காற்றுக்கு மறைப்பு? சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் மடிப்பு அலுமினியத் தகடு போன முறை முதல் காற்றிலேயே பறந்து வியட்நாம் கடைக்குப் போய்விட்டது. இந்த முறை வீட்டுச்சாமான் கடையில் கால்சியம் சிலிக்கேட் பலகை வாங்கினோம், 6 மில்லிமீட்டர் தடிமன். தீப்பிடிக்காது, கத்தியால் கீறி மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் நேராக உடையும். 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு மூன்று துண்டு, எல் வடிவ இரும்புப் பட்டையால் இணைத்து, கீழே கான்கிரீட் கல் வைத்து நிறுத்தினோம். சிலிண்டர் இருக்கும் பக்கத்தைத் திறந்தே விட்டோம். உடைக்கும்போது வரும் தூள் மூக்கில் ஏறும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் மணிக்கு 56 தட்டு மதிய நேரத்துக்குப் போதாது. பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பசியோடு வருவார்கள். அதற்கு மதுரை அக்கா ஒரு வழி சொன்னார்: "தம்பி, முக்கால் வேக்காட்டுல எடுத்து வச்சிடு. ஆள் வந்ததும் மறுபடி ஒரு முக்கு." டீக்கடைகளில் செய்வதுதான். 165 டிகிரியில் மூன்று நிமிடம் பொரித்து எடுத்து, கம்பித் தட்டில் வைத்து, கேட்கும்போது 185 டிகிரியில் ஒரு நிமிடம். ஊசி வெப்பமானியை நடுவில் குத்திப் பார்த்தேன். முதல் பொரிப்பிலேயே 90-க்கு மேல் போயிருந்தது, இரண்டாவதிலும் அப்படியே. அரை மணி நேரத்துக்கு மேல் எதையும் கம்பித் தட்டில் வைக்கவில்லை. வடையும் முன்னைவிட மொறுமொறுப்பு. கூட்டம் உச்சத்தில் இருந்தபோது வரிசையில் நின்றவர்கள் ஐந்து, ஆறு நிமிடத்தில் தட்டோடு நகர்ந்தார்கள்.

வாயு எவ்வளவு போனது என்று சிலிண்டரைக் குளியலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். முழுத் தீயில் மணிக்கு எழுநூறு கிராம் அளவில் குடிக்கும். நாள் முழுதும் ஓடியதில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். டீயையும் அதே வாயுவில் போட்டிருந்தால் நடுவில் நின்றிருப்போம். டீக்கு மட்டும் கேசட் அடுப்பே போதும், எட்டு லிட்டர்ப் பாத்திரத்தை அரைத் தீயில் சூடாக வைத்திருக்கும் வேலைதானே. பாத்திரம் அடுப்பின் விளிம்பைத் தாண்டவில்லை.

மாவு

6 கிலோ கடலைப்பருப்பு. டோக்கியோவின் ஒகாச்சிமாச்சி நிலையத்துப் பக்கம் இந்திய மளிகைக் கடைகள் உண்டு, கிலோ 500 யென் வாக்கில் கிடைத்தது. ஊறினால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 3 கிலோ வெங்காயம் சேர்ந்தால் மொத்தம் பதினான்கரை கிலோ. வடை ஒன்று 35 கிராம் என்று வைத்தால் 400 சொச்சம் வரும். 35 கிராமை எப்படிப் பிடிப்பது? ஐஸ்கிரீம் கரண்டியில் ஒரு அளவை எடைபோட்டுப் பார்த்து வைத்துக்கொண்டோம். ஒருவர் கரண்டியில் எடுத்துத் தட்டில் வைக்க, இன்னொருவர் கையுறையோடு தட்டிப் போட வேண்டியதுதான். எல்லாம் ஒரே தடிமனில் இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். அக்காவுக்கு மட்டும் அந்தக் கரண்டி பிடிக்கவில்லை, "என் கை அளந்துக்கும்" என்று தள்ளிவிட்டார். அவர் தட்டியவற்றை எடைபோட்டேன்; எல்லாம் 34, 35, 36. நான் வாயைத் திறக்கவில்லை.

மண்டபத்துச் சமையலறையை அதிகாலையில் எடுத்தோம், வாடகை 2,400 யென். மிக்ஸி ஊரிலிருந்து வந்தது, 750 வாட். இங்கே மின்சாரம் 100 வோல்ட் என்பதால் பத்துக் கிலோ கனமுள்ள ஒரு மின்மாற்றியைச் சுமந்துகொண்டு போக வேண்டும். ஒரு சுவிட்ச் பெட்டிக்கு 15 ஆம்பியர் என்றால் 1,500 வாட்தான். டீத்தண்ணீருக்கு மின்கெண்டியை அதே சுவரில் மாட்டியதும் எல்லாம் அணைந்தது. மிக்ஸியைத் தனிச் சுவருக்கு மாற்றினோம். கிரைண்டர் கொண்டுவர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபுஜி ஆற்றுக்குக் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் போலவே; மேற்கே ஒசாகா, நகோயா பக்கமெல்லாம் 60. அங்கே மின்மாற்றி போட்டாலும் கிரைண்டர் கல் கூடுதல் வேகத்தில் சுற்றும். மிக்ஸிக்கு அந்தக் கவலை இல்லை.

போன முறை மாவை மொத்தமாகப் பிசைந்து உப்பும் வெங்காயமும் போட்டு எடுத்துப்போனோம். பதினொரு மணிக்குள் வெங்காயம் தண்ணீர் விட்டு, மாவு இளகி, எண்ணெயில் பிரிந்தது. அவசரத்துக்கு அரிசி மாவு சேர்த்ததில் வடை கல்லாகிவிட்டது. இந்த முறை அரைத்த பருப்பு தனி டப்பா, நறுக்கிய வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தனி டப்பா, எல்லாம் பனிக்கட்டிப் பெட்டியில். ஈட்டுக்கு ஈடு இரண்டு கிலோ மாவுக்கு மட்டும் உப்பும் வெங்காயமும் கலந்தோம். ஊறிய பருப்பை வடிதட்டில் அரை மணி நேரம் வைத்து நீரை முழுக்க வடியவிட்டதும் உதவியது. கறிவேப்பிலை ஒரு நண்பர் வீட்டுச் சன்னலோரத் தொட்டியிலிருந்து வந்தது. குளிர்காலம் முழுக்க உள்ளே வைத்துக் காப்பாற்றிய செடி; மே மாதத்தில் அப்போதுதான் துளிர்விட்டிருந்தது. அதைக் கிள்ளிக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை.

காரம் இரண்டு வகை வைத்தோம். 'கராய்?' (காரமா?) என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. காரமில்லாததில் பச்சை மிளகாய்க்குப் பதில் மிளகு கொஞ்சம். மூன்றில் இரண்டு பங்கு பேர் அதைத்தான் வாங்கினார்கள். தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு, நன்றாகச் சுண்டக் காய்ச்சி, அங்கேயும் சூடாக வைத்திருந்தோம். நிஜத்தில் அது தேவைப்படவில்லை. நின்றபடி சாப்பிடுபவர்களுக்குக் கையில் இடமில்லை.

கோலப் பலகை

விழாக் குழு ஒவ்வொரு நாட்டுக் கடையிடமும் சாப்பாட்டோடு பண்பாடு சார்ந்த ஏதாவது ஒன்றைக் கேட்கும். சிலர் சேலை கட்டிவிடுவார்கள், சிலர் மருதாணி. நாங்கள் கோலம்.

சதுக்கத்துத் தரையில் நேராகப் போடக் கூடாது, கல் இடுக்கில் பொடி போய்விடும். அதனால் பலகை. கட்டுமான வேலைக்கான கோன்பானே என்ற ஒட்டுப்பலகை 900க்கு 1,800 மில்லிமீட்டர், 12 தடிமன். மஞ்சள் பூச்சுப் பூசிய வழவழப்பான வகையைத்தான் முதலில் எடுத்தேன், துடைக்கச் சுலபம் என்று. அதில் பொடி நிற்கவே இல்லை, யாராவது பக்கத்தில் நடந்தாலே நகர்ந்தது. பூச்சில்லாத சொரசொரப்பான பலகையை 120 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கரும்பலகைச் சாயம் இரண்டு கை பூசியதும் சரியானது. சாணி தெளித்த வாசல் மாதிரி பிடித்துக்கொண்டது.

பொடிக்கு அரிசி மாவு என்றால் இங்கே விலை தாங்காது, புறாவும் வரும். வீட்டுச்சாமான் கடையின் தோட்டப் பிரிவில் வெள்ளையாக, மலிவாக ஒரு மூட்டை இருந்தது: நீற்றிய சுண்ணாம்பு. குழந்தைகள் கை வைக்கும் இடத்தில் அதை வைத்துவிடாதீர்கள், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். பள்ளிக்கூட மைதானத்தில் கோடு போட அதைத்தான் முன்பு பயன்படுத்தினார்கள். கண் காயங்கள் வந்ததால் 2007-இல் கல்வி அமைச்சகம் அதைத் தவிர்க்கச் சொன்னது. இப்போது மைதானக் கோட்டுக்கு விற்பது கால்சியம் கார்பனேட். அதில் 20 கிலோ மூட்டை வாங்கினோம். அது மிகவும் நைஸ். விரலிடுக்கில் ஒழுகாமல் கட்டி கட்டியாக விழுந்தது. பிறகு இபராகியின் வடக்கே வெட்டப்படும் வெள்ளைச் சலவைக்கல்லின் பொடி மணல் கண்ணில் பட்டது, சுவர்ப் பூச்சுக்கும் தோட்டத்துக்கும் விற்பது. ஒரு பங்கு மைதானப் பொடிக்கு இரண்டு பங்கு கல்மணல். கை ஒழுக்கு ஊர்க் கோலப்பொடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

வந்தவர்களுக்கு ஐந்து புள்ளிச் சிக்குக்கோலம் கொடுத்துப் பார்த்தோம், பாதியில் வழி தவறிச் சிரித்துவிட்டுப் போனார்கள். மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளியைச் சாயத்தாலேயே பலகையில் நிரந்தரமாகக் குத்தி வைத்ததும் நிலைமை மாறியது. ஒரு பாட்டி, பேத்தி முடித்துவிட்டுப் போன பிறகும் நின்று, மூன்று முறை அழித்து அழித்துப் போட்டார்.

பலகை எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். போன முறை கடையை ஒட்டிப் போட்டதில் காற்று திரும்பியபோதெல்லாம் பொடி எண்ணெய்ப் பக்கம் வந்தது. இந்த முறை கூடாரத்திலிருந்து ஆறு, ஏழு மீட்டர் தள்ளி, காற்று போகும் திசையில். கோலம் போட்டவர்கள் நிமிர்ந்தால் வடை மணம் வரும் தூரம் அது, அதுவும் நல்லதாகப் போயிற்று.

கூட்டம் இழுப்பதில் எங்களை எல்லாம் தோற்கடித்தது இலங்கைக் கடை. அவர்கள் கொத்து ரொட்டி போட்டார்கள். தகட்டில் இரண்டு இரும்புத் தகடு தாளம் போடும் சத்தம் சதுக்கத்தின் மறுமுனைக்குக் கேட்டது. சத்தம் கேட்டவர்கள் என்ன என்று பார்க்க வந்து, வரிசையில் நின்றுவிட்டார்கள். வடைக்குச் சத்தம் இல்லை. பதிலுக்கு, அடுப்பைக் கூடாரத்தின் முன்மூலைக்குக் கொண்டுவந்திருந்தது உதவியது. தட்டுவதும் போடுவதும் மறைப்புக்கு மேலே தெரியும்படி இருந்ததால் குழந்தைகள் நின்று பார்த்தார்கள், பெற்றோர் வாங்கினார்கள்.

கல்லா

போன முறை விலை 400 யென். 1,000 நோட்டுக்கு 600 சில்லறை. பதினொன்றரைக்கே நூறு யென் நாணயம் தீர்ந்துபோய் யாகிசோபாக் கடையில் கடன் கேட்டோம். ஜப்பானிய வங்கியில் சில்லறை மாற்றக் கட்டணம் உண்டு, சனி ஞாயிறில் கவுன்டரும் இல்லை. இந்த முறை வடைத் தட்டு 500. அதுவரை சரி. டீ 200, இரண்டும் சேர்த்தால் 600 என்று தாராள மனசோடு எழுதியதில் 1,000 நோட்டுக்கு மறுபடி நான்கு நூறு யென். கியூஆர் குறியீட்டில் பணம் செலுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்கு இருந்ததால் தப்பித்தோம்.

வரவு 76,000 யென். செலவு 69,500. மேலே சொன்ன பரிசோதனை, தீயணைப்பான், எரிவாயு, மண்டப வாடகை போக, இடக் கட்டணம் 8,000, வண்டி வாடகை 9,500, 16.5 கிலோ எண்ணெய் டின் 6,800, பருப்பு 3,000, பாலும் டீத்தூளும் இஞ்சியும் 4,500, படகு வடிவக் காகிதத் தட்டு, கோப்பை, கைத்துடைப்பு 4,200, வெங்காயம் முதலான காய்கறிக்கு 3,800. பலகை, சாயம், காற்றுத் தடுப்பு எல்லாம் 9,800. தீயணைப்பானோடு சேர்த்து இவை மறுபடி வாங்க வேண்டாத செலவு. அடுத்த முறை மிச்சம் இருபதாயிரத்தை ஒட்டி வர வேண்டும். யாருக்கும் கூலி கிடையாது, மிச்சம் பொது உண்டியலுக்கு.

வடை இரண்டரை மணிக்கே தீர்ந்தது. விழா நான்கு வரை. விற்பனை போனதே என்று வருத்தமாக இருந்தாலும் ஒரு விதத்தில் நல்லது: ஐந்து லிட்டர் எண்ணெய் 170 டிகிரியிலிருந்து கை வைக்கும் சூட்டுக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போன முறை கடைசி வரை பொரித்துவிட்டு, எல்லாக் கூடாரமும் இறங்கிய பிறகும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆறிய எண்ணெயைக் காலி டின்னிலேயே வடிகட்டி ஊற்றி மூடினோம். விழா இடத்தில் குப்பைத் தொட்டியை நம்ப முடியாது. கடை போட்டவர் குப்பையை அவரே எடுத்துப்போக வேண்டும். தரை எண்ணெய்க்கு அடுப்பின் கீழே பழைய ஒட்டுப்பலகையும் அட்டையும் விரித்திருந்ததால் கழுவும் வேலை இல்லை. அந்த மஞ்சள் பலகை அதற்காவது பயன்பட்டது.

அடுத்த முறைக்கு எழுதி வைத்திருப்பவை: பருப்பு 8 கிலோ, சிலிண்டரும் 8 கிலோ. இரண்டு வடையும் ஒரு டீயும் 500 என்று ஒரே விலை, வேறு எதுவும் பலகையில் எழுதக் கூடாது. தொக்கு வேண்டாம். கை கழுவ 20 லிட்டர்த் தண்ணீர்க் கேன் ஒன்று போதவில்லை, இரண்டு. இரண்டாவது சட்டிக்கு இன்னொரு அடுப்பு வேண்டும் என்று அக்கா சொல்கிறார். அதற்கு முன் தீயணைப்பு வரைபடத்தை எடுத்து, இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு அடுப்பை எங்கே வரைவது என்று பார்க்க வேண்டும். தாளில் போட்டுப் பார்த்தேன். டீ மேசையைக் கூடாரத்துக்கு வெளியே தள்ளினால்தான் முடியும், அதற்குச் சுகாதார நிலையம் சம்மதிக்குமா என்று கேட்கப் போக வேண்டும்.